கரண்ட் பில்லில் கடைசி யூனிட் என்ன விலை?

கரண்ட் பில் எகிறினால் வீட்டில் மூன்று பேச்சு கிளம்பும். மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்பார் ஒருவர். வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்பார் இன்னொருவர். மொட்டை மாடியில் சோலார் போட்டுவிட்டால் தொல்லையே இல்லை என்பார் மூன்றாமவர். மூன்றில் எதுவும் சரியாக இருக்கலாம், எதுவும் சரியில்லாமலும் போகலாம். முடிவு செய்ய இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: உங்கள் வீடு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, நீங்கள் செலவழிக்கும் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள். பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகை இந்த இரண்டையுமே சொல்வதில்லை.

கீழே வரும் விலைக் கணக்குகளில் நாணயத்தின் பெயரைப் போடவில்லை. எண்களும் மாதிரிக்குத்தான். உங்கள் பில்லில் இருக்கும் விலையை அந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

யூனிட் எங்கே போகிறது

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் இழுக்கும் ஒரு சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 10 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க 100 மணி நேரம் எரிய வேண்டும். 2000 வாட் வாட்டர் ஹீட்டருக்கு அரை மணி போதும். லைட்டை அணை, லைட்டை அணை என்று பிள்ளைகளை விரட்டும் வீட்டிலேயே ஹீட்டர் ஸ்விட்ச் காலை முழுக்கப் போட்டபடி கிடப்பதைப் பார்க்கலாம்.

சூடாக்குவது, குளிர்விப்பது, நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுவது: பெரிய செலவு இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1.16 வாட் மணி வேண்டும். 15 லிட்டர் ஹீட்டரில் 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.61 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு இது பதினெட்டு, பத்தொன்பது நிமிட வேலை. அதற்குப் பிறகும் ஸ்விட்ச் போட்டே இருந்தால், டேங்க் வழியே கசியும் வெப்பத்தை ஈடுகட்ட ஹீட்டர் அடிக்கடி தானாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த யூனிட்டில் யாரும் குளிக்கவில்லை.

சாதனத்தின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை அப்படியே 24 மணி நேரத்தால் பெருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவற்றுக்கு ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கே கொஞ்சம் நம்பகமான எண். ஃபேன், பல்பு, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கு நேரடிப் பெருக்கல் போதும். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். அதே காற்றைத் தரும் 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனுக்கு 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் 16 யூனிட். இந்தப் 16-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் விளக்கைப் படிப்பது

வீட்டின் உண்மையான செலவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 இம்ப், 1600 இம்ப், 1000 இம்ப் என்று ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை இரண்டு மின்னல்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால், அந்த நிமிடத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று கிடைத்துவிடும். 3200 மீட்டருக்கு இது 1125-ஐ விநாடியால் வகுப்பது, 1600-க்கு 2250, 1000-க்கு 3600.

ஒரே ஒரு மின்னலை அளந்தால் பிழை அதிகம். செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, ஒரு மின்னலைப் பார்த்ததும் 'பூஜ்யம்' என்று தொடங்கிப் பத்து வரை எண்ணுங்கள். முதல் மின்னலையே ஒன்று என்று எண்ணினால் கணக்கில் ஓர் இடைவெளி குறையும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 3200 மீட்டரில் பத்து எண்ண 15 விநாடி ஆனால், ஒன்றுக்கு 1.5 விநாடி, ஆக 750 வாட். இப்போது ஹீட்டரைப் போடுங்கள். பத்து எண்ண 4 விநாடிதான் ஆகிறதென்றால் சுமார் 2800 வாட். வித்தியாசம் 2050-ஐ ஒட்டி வந்தால் அது 2 கிலோவாட் ஹீட்டர், சரியாக ஓடுகிறது. இப்படி ஒவ்வொரு சாதனமாகப் போட்டு அணைத்துக் குறித்துக்கொண்டே வந்தால், அரை மணி நேரத்தில் வீட்டின் முழுப் பட்டியலும் கைக்கு வந்துவிடும்.

இதை இரவு எல்லோரும் படுத்த பிறகு ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். ஃபேன்களையும் நிறுத்திவிட்டால் மீதி இருப்பவை செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், டிவி ஸ்டேண்ட்பை, இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜர் வகையறா. 25 விநாடிக்கு ஒரு மின்னல் என்றால் 45 வாட். சின்ன எண் போலத் தெரியும். ஆனால் மாதத்துக்கு 32 யூனிட்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகத்துக்கும் இதே விளக்குதான் பதில். எல்லா எம்சிபிக்களையும் (பெட்டியில் வரிசையாக இருக்கும் ட்ரிப் ஸ்விட்ச்கள்) கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். விளக்கு நின்றுவிட்டால் மீட்டரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். நிற்கவில்லையென்றால் மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். இப்போது நின்றால், எம்சிபி பெட்டிக்கு முன்னாலேயே எங்கோ ஒரு ஒயர் பிரிந்து போகிறது: பொது மோட்டார், மாடிப்படி விளக்கு, பக்கத்துப் போர்ஷன். மெயினை அணைத்தும் மின்னுகிறது என்றால் புகார் எழுதிக் கொடுக்க வேண்டிய நேரம். சில மீட்டர்களில் இன்னொரு விளக்கும் உண்டு. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துப்போகாவிட்டால் அது எரியும். இரண்டு வீடுகளின் நியூட்ரல் ஒயர்கள் ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பதோ, ஹீட்டர் காயிலில் எர்த் லீக் இருப்பதோ வழக்கமான காரணம். லீக் என்றால் பணம் இரண்டாம்பட்சம், ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

பில்லில் 'சராசரி' அல்லது 'மதிப்பீடு' என்று குறிப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ரீடிங் எடுக்காமல் போட்ட பில் அது. அடுத்த முறை உண்மையான ரீடிங் எடுக்கும்போது பாக்கி மொத்தமும் ஒரேயடியாக வந்து விழும்.

கடைசி யூனிட்

பில்லில் இரண்டு வகைத் தொகை இருக்கும். ஒன்று, ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம். இன்னொன்று, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வருவது. வரி, எரிபொருள் விலை மாற்றத்துக்கான சரிக்கட்டல் போன்றவை இவற்றின் மேல் ஏறும். சிக்கனத்தால் குறைக்க முடிவது இரண்டாவதையும் அதன் மேல் ஏறுகிற வரியையும் மட்டுமே.

பல இடங்களில் யூனிட் விலை ஸ்லாப் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். முதல் 100 யூனிட்டுக்கு 2, அடுத்த 100-க்கு 4, அதற்கு மேல் 8 என்று வைப்போம். 260 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 200, 400, 480 சேர்த்து 1080. சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு 4.15. அந்த வீட்டில் பிஎல்டிசி ஃபேன் மாற்றினால் என்ன மிச்சம்? 16 யூனிட்டை 4.15-ஆல் பெருக்கி 66 என்று போட்டால் கணக்கு தப்பு. குறைவது மேல் ஸ்லாபில் இருக்கும் யூனிட்தான், அதன் விலை 8. ஆக, மிச்சம் 128. ஃபேனுக்குப் போட்ட காசு நினைத்ததில் பாதி காலத்தில் திரும்பிவிடும். அதே ஃபேனை 90 யூனிட் எரிக்கும் வீட்டில் மாட்டினால் மிச்சம் வெறும் 32. 'ஐந்து நட்சத்திரம் வாங்கினால் லாபமா?' என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொதுவான பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஸ்லாப் இன்னொரு மோசமான வடிவத்திலும் வரும். எல்லையைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்களுக்கும் விலை மாறிவிடும். அங்கே ஒரே ஒரு யூனிட் பில்லை எகிற வைக்கும். ரீடிங் எடுக்க நாலைந்து நாள் தாமதமானால், உங்கள் தப்பில்லாமலேயே எல்லை தாண்டிப் போகலாம். பில்லில் இரண்டு ரீடிங் தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். நாள் கூடியிருந்தால் ஸ்லாப் எல்லையும் அதற்கேற்ப நீட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்தில், கடைசி யூனிட்டின் இடத்தைக் கடிகாரம் பிடித்துக்கொள்கிறது. எல்லா நேரமும் 6 என்று ஒரு திட்டம். மாலை நெரிசல் நேரத்தில் 9, மற்ற நேரத்தில் 5 என்று இன்னொரு திட்டம். மொத்த யூனிட்டில் நெரிசல் நேரத்தின் பங்கு சரியாகக் கால் பகுதியாக இருந்தால் இரண்டும் ஒன்று. அதற்குக் குறைந்தால் இரண்டாவது லாபம். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் பங்கு எவ்வளவு என்று மணிவாரியாகவே தெரியும். இல்லாவிட்டால் நெரிசல் நேரம் தொடங்கும்போதும் முடியும்போதும் ரீடிங்கைக் குறித்து, ஒரு வாரம் பார்த்தால் போதும். வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மின்வண்டி சார்ஜ் ஆகியவற்றை நேரம் தள்ளிவைக்கலாம். அடுப்படியையும் ஏசியையும் தள்ளிவைக்கப் பார்த்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

கம்பெனி மாறினால் எது மாறும்

ஒரே ஊரில் பல நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில நாடுகளில்தான் உண்டு. பிரிட்டனில் 1990-களின் இறுதியிலேயே வீடுகளுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்கப் பரவியது. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களிலும் அமெரிக்காவின் டெக்ஸாஸிலும் உண்டு.

மாறும்போது எதுவெல்லாம் மாறாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் கம்பி மாறாது. ட்ரான்ஸ்ஃபார்மர் மாறாது. கரண்ட் போனால் வந்து சரிசெய்யும் ஆளும் அதே ஆள்தான், ஏனென்றால் கம்பிகள் எப்போதும் ஒரே விநியோக அமைப்பின் கையில் இருக்கும். பழைய கம்பெனியை விட்டால் கரண்ட் நின்றுவிடுமோ என்ற பயம் தேவையில்லை. அதேபோல, வோல்டேஜ் குறைகிறது என்பதற்காகக் கம்பெனி மாறுவதிலும் பயனில்லை. மாறுவது விலையும் ஒப்பந்தமும் பில் போடும் இடமும் மட்டுமே.

ஒப்பிடும்போது யூனிட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மாதம் 90 நிலைக்கட்டணம், யூனிட் 5 என்று ஒன்று. நிலைக்கட்டணம் 30, யூனிட் 5.50 என்று இன்னொன்று. நிலைக்கட்டண வித்தியாசமான 60-ஐ யூனிட் விலை வித்தியாசமான 0.50-ஆல் வகுத்தால் 120. மாதம் 120 யூனிட்டுக்குக் கீழே எரிப்பவருக்கு இரண்டாவது மலிவு, மேலே எரிப்பவருக்கு முதலாவது. ஒரு மாத பில்லை வைத்து முடிவு செய்யாமல் பன்னிரண்டு மாத யூனிட்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கும் குளிருக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வருவது அதிசயமில்லை.

'30 சதவீதத் தள்ளுபடி' என்று போட்டிருந்தால், எதிலிருந்து 30 என்பதே முதல் கேள்வி. கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்த உயர்ந்த விலையிலிருந்து என்றால் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் 2019 ஜூலை 1 முதல், கட்டுப்பாட்டு ஆணையம் அறிவிக்கும் ஒரே அடிப்படை விலையோடு ஒப்பிட்டுத்தான் தள்ளுபடியைச் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். தள்ளுபடி எத்தனை மாதத்துக்கு, ஒரு நாள் தாமதமாகக் கட்டினால் போய்விடுமா, இடையில் விலகினால் அபராதமா: இவை பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

மின்நிலையங்களிடம் கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் சந்தையின் விலை அப்படியே பில்லில் ஏறும் திட்டங்களும் உண்டு. சாதாரண நாளில் மலிவாகவே இருக்கும். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸில் கடுங்குளிரில் மின்நிலையங்கள் முடங்கியபோது சந்தை விலை அதன் உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரைத் தொட்டு நாள்கணக்கில் அங்கேயே நின்றது. அத்தகைய திட்டத்தில் இருந்த சில வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. செலவைக் கூட்டிக் குறைக்கத் தானியங்கி வசதியும், ஒரு மோசமான மாதத்தைத் தாங்கும் சேமிப்பும் இல்லாதவர் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நிலையான விலை தரும் கம்பெனியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2021-இன் பிற்பகுதியில் எரிவாயு விலை ஏறியபோது பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் மூடின. சிங்கப்பூரிலும் சில விலகின. யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை, வாடிக்கையாளர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் மலிவு விலை ஒப்பந்தம் போனது போனதுதான்.

பசுமை மின்சாரம் என்று விற்கப்படுவது

பசுமைத் திட்டத்தில் சேர்ந்தால் காற்றாலை மின்சாரம் தனியாக உங்கள் வீட்டுக்கு வராது. எல்லா நிலையங்களும் ஒரே ஏரியில் நீர் விடுகின்றன, எல்லோரும் அதிலிருந்தே மொள்கிறோம். வித்தியாசம் கணக்கில்தான். காற்று, சூரியன், நீர் மூலம் 1000 யூனிட் உற்பத்தியானால் அதற்கு ஒரு சான்றிதழ். நீங்கள் எரித்த அளவுக்குச் சான்றிதழ் வாங்கிக் கழித்துவிட்டேன் என்பதே கம்பெனி தரும் வாக்கு.

பல சந்தைகளில் இந்தச் சான்றிதழை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியாக வாங்க முடியும். நிலக்கரி மின்சாரத்தை வாங்கி, எப்போதோ கட்டி முடித்த அணையின் சான்றிதழை அதன் மேல் ஒட்டினாலும் திட்டத்தின் பெயர் பசுமைதான். அதனால் புதிதாக ஒரு காற்றாலைகூட வரப்போவதில்லை. மின்சாரத்தையும் சான்றிதழையும் ஒரே நிலையத்திலிருந்து நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குகிறதா, கழிப்பது ஆண்டுக்கணக்கிலா மணிக்கணக்கிலா என்று கேளுங்கள். ஆண்டுக்கணக்கு என்றால் நண்பகல் சூரியனைக் காட்டி நள்ளிரவுச் செலவைக் கழிக்கலாம். நேரடியாகப் பதில் சொல்லாத கம்பெனிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

'சூரிய மின்சாரம் அவ்வளவு மலிவு என்றால் பில் ஏன் குறையவில்லை?' என்ற கோபம் நியாயமானது. உலக அளவில் சோலார் உற்பத்திச் செலவு 2010-க்கும் 2023-க்கும் இடையே சுமார் 90 சதவீதம் குறைந்தது. ஆனால் பல மின்சந்தைகளில் ஒவ்வொரு நேரத்துக்கும் தேவையை நிரப்பக் கடைசியாகச் சேரும் நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலை. அந்தக் கடைசி இடத்தில் எரிவாயு நிலையம் நிற்கும்வரை எரிவாயு விலைதான் பேசும். போதாததற்குக் கம்பி, ட்ரான்ஸ்ஃபார்மர், வரி ஆகியவற்றின் செலவும் பில்லில் இருக்கிறது. பேனல் மலிவானதால் அது குறையாது. 'மரபுசாரா மின்சாரம் வந்ததால்தான் விலை ஏறியது' என்பதும் 'அது வந்தால் எல்லாம் இலவசம்' என்பதும் ஒரே பில்லின் வேறு வேறு வரிகளைக் காட்டிப் பேசப்படுபவை.

மக்களின் மனநிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கருங்காட்டுப் பகுதியில் ஷோனாவ் என்ற சிற்றூர். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு அங்கே கிளம்பிய குடிமக்கள் இயக்கம், ஊரில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளில் ஜெயித்து, 1997-இல் ஊரின் மின்கம்பி அமைப்பையே விலைக்கு வாங்கியது. வாக்கெடுப்பில் ஏறக்குறைய பாதி ஊர் எதிராகத்தான் நின்றது. ஆனால் பசுமை மின்சாரமே இயல்பான தேர்வாக ஆன பிறகு, எதிர்த்தவர்களிலும் பெரும்பாலோர் வேறு கம்பெனிக்குப் போகவில்லை. படிவத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பது எதுவோ, அதுவே பெரும்பாலானவர்களின் கொள்கை ஆகிவிடுகிறது. உங்கள் படிவத்தில் என்ன டிக் ஆகியிருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை.

கூரையில் சோலார்

நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12. லாபம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது, வீட்டில் எரியாமல் கம்பிக்குத் திரும்பும் யூனிட்டுக்கு என்ன விலை தருகிறார்கள் என்பதுதான். வாங்கும் விலைக்கே கழித்தால் நெட் மீட்டரிங். குறைந்த விலை கொடுத்தால் நெட் பில்லிங். வாங்கும் விலை 8, திருப்பித் தரும் விலை 3 என்று வைப்போம். பகலில் வீடு பூட்டிக் கிடந்து 4 யூனிட் மட்டும் உள்ளே எரிந்தால், ஒரு நாள் பலன் 32-உம் 24-உம் சேர்த்து 56. நெட் மீட்டரிங்கில் இதுவே 96. விற்பனையாளர் தரும் தாளில் பெரும்பாலும் 96-தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் புதிய இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங்கிலிருந்து நெட் பில்லிங்குக்கு மாறினார்கள். விதி எங்கும் மாறலாம். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் நண்பகலுக்கு மாற்றினால் உள்ளே எரியும் யூனிட் கூடும். ஸ்லாப் உள்ள இடத்தில் சோலார் முதலில் கழிப்பது மேல் ஸ்லாபை. ஆகவே கீழ் ஸ்லாபிலேயே நிற்கும் வீட்டுக்குப் போட்ட காசு திரும்ப நெடுநாள் ஆகும்.

பேட்டரி இல்லாத சாதாரண சோலாரில் கரண்ட் போனால் வீட்டிலும் கரண்ட் போகும், வெயில் கொளுத்தினாலும் சரி. கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட வேண்டாம். அதேபோல 3 கிலோவாட் பேனல் உச்சி வெயிலில் 2.6 காட்டுவதும் பழுதல்ல. பேனலின் திறன் 25 டிகிரியில் சோதித்த எண். சூடேறினால் டிகிரிக்கு 0.35 சதவீதம் போலக் குறையும். பேனல் 60 டிகிரிக்குப் போனால் 12 சதவீதம் போய்விடும்.

உண்மையான பழுது வேறு இடங்களில் வரும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தால், தொடராக இணைத்த மொத்த வரிசையின் உற்பத்தியும் சரியலாம். போடுவதற்கு முன் காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு மாடி ஏறி நிழலைப் பாருங்கள், முடிந்தால் வேறு பருவத்திலும். கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலமாகி வெயிலைத் தடுக்கும்.

நண்பகலில் மட்டும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறதென்றால் அதன் பதிவில் 'ஓவர் வோல்டேஜ்' என்று இருக்கிறதா பாருங்கள். தெருவில் பல கூரைகள் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கம்பிக்குத் தள்ளும்போது வோல்டேஜ் ஏறும், எல்லையைத் தொட்டதும் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிள் மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால் இந்த ஏற்றம் இன்னும் கூடும். அதைத் தடிமனாக மாற்றச் சொல்வது முதல் வேலை. அப்படியும் நிற்கவில்லையென்றால், நாளும் நேரமும் வோல்டேஜும் குறித்த பட்டியலோடு விநியோக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ட்ரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு படி இறக்கி வைக்கக் கேட்கலாம்.